மின்னலை நிறுக்கும் கம்பிச்சுருள்

2022 ஜனவரி 15 அன்று தென் பசிபிக்கில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது இந்தியாவில் காலை ஒன்பதரை மணி இருக்கும். கடலுக்கடியில் இருந்த எரிமலை வாயிலிருந்து நீராவியும் சாம்பலும் கலந்த தூண் ஒன்று கிளம்பி 57 கிலோமீட்டர் உயரம் வரை போனது. அந்தத் தூணுக்குள்ளும் அதைச் சுற்றியும் பாய்ந்த மின்னல்களைப் பின்னர் கணக்கெடுத்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்றார்கள். உச்ச கட்டத்தில் நிமிடத்துக்கு 2,600. இதற்கு இணையான வேகத்தில் மின்னல் பாய்ந்ததாக அதற்கு முன் பதிவே இல்லை.

இந்த எண்களைத் தந்தவை துணைக்கோள்களும், ரேடியோ அலை வந்துசேரும் நேரத்தை வைத்து மின்னலின் இடத்தைக் கண்டுபிடிக்கும் நிலைய வலைப்பின்னல்களும். அதே காலையில் வேறொரு வகைக் கருவியும் அந்த வெடிப்பை உணர்ந்தது. பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, மனித நடமாட்டம் குறைந்த காடுகளிலும் மலைகளிலும் மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்ட கம்பிச்சுருள்கள் அவை. அவற்றுக்கு மேகம் தெரியாது, வெளிச்சம் தெரியாது. உலகம் முழுவதும் அந்தக் கணத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் மின்னல்கள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் மிக மெல்லிய காந்தத் துடிப்பு மட்டுமே தெரியும். கிரீனிச் நேரப்படி காலை 4 மணி என்பது உலக மின்னல் நாளின் மந்தமான வேளை. அந்த மந்தத்தின் நடுவே துடிப்பின் வலிமை எகிறியதால் விஷயம் தெளிவாகவே தெரிந்தது.

மின்னலை ஆராய இப்படிப்பட்ட கருவி எதற்கு? பளிச்சென்று தெரிகிற ஒன்றை எண்ணிவிட்டுப் போகலாமே என்று கேட்கத் தோன்றும். சந்தையில் தேங்காயை எண்ணி விற்பார்கள், புளியை நிறுத்து விற்பார்கள். துணைக்கோள் மின்னலை எண்ணுகிறது, கம்பிச்சுருள் மின்னலை நிறுக்கிறது. இந்த இரண்டும் ஒரே அளவைத் தருவதில்லை, தரவும் வேண்டியதில்லை. மின்னலுக்கும் பருவநிலைக்கும் உள்ள உறவைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளாக நடக்கும் பல வாதங்களுக்குப் பின்னால் இந்த வேறுபாட்டை மறந்துபோனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மின்னல் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் அலை வீசுகிறது. பழைய மீடியம் வேவ் ரேடியோவில் மழைக்கு முன் கேட்கும் கரகரப்பு அதன் ஒரு துணுக்கு. ஆற்றலின் பெரும்பகுதி 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கிறது. மேகத்துக்கும் தரைக்கும் பாதை திறந்ததும் பாயும் முதல் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் வரை ஏறி, ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் தணிந்துவிடும். குறுகிய துடிப்பு என்பதால் அதன் அலையும் உயர்ந்த அதிர்வெண்களில் அதிகம். ஆனால் சில மின்னல்களில் பாதை உடனே அணைந்துவிடாது. நூறு, இருநூறு ஆம்பியர் மட்டுமே உள்ள ஓர் ஓட்டம் நூறு மில்லிவிநாடி அளவுக்குத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். காட்டுத் தீயைப் பற்றவைப்பது பெரும்பாலும் இந்த நீண்ட ஓட்டம்தான். நிதானமாக ஓடுவதால் இது எழுப்பும் அலைகளும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கும். 3 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் இந்தப் பகுதியை ரேடியோத் துறையில் ஈ.எல்.எஃப். என்பார்கள். இங்கே நமக்கு வேண்டியது அதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும்.

8 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட பூமியின் சுற்றளவுக்குச் சமம். இவ்வளவு நீண்ட அலை எங்கே போகும்? கீழே தரையும் கடலும் மின்கடத்திகள். மேலே 60, 70 கிலோமீட்டருக்கு அப்பால் சூரியக் கதிர்வீச்சால் அயனியாகிக் கிடக்கும் காற்று, அதாவது அயனமண்டலம், இன்னொரு மின்கடத்தி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, கோளத்தைச் சுற்றிய ஓர் ஓடு போன்ற அறை. அலை அந்த அறையை விட்டு வெளியேற முடியாமல் பூமியைச் சுற்றி வருகிறது. சுற்றும்போது அது இழக்கும் ஆற்றல் மிகக் குறைவு: 1,000 கிலோமீட்டருக்குச் சில சதவீதம். கிலோஹெர்ட்ஸ் அலைகள் அதே தூரத்தில் இதைவிடப் பல மடங்கு தேய்ந்துவிடும். ஆகவே காங்கோவில் வெட்டிய மின்னலின் தாழ்ந்த பகுதி அலாஸ்காவிலும் கிடைக்கிறது, அண்டார்க்டிகாவிலும் கிடைக்கிறது. அதுவும் ஒருமுறை அல்ல. இரு திசைகளிலிருந்தும் வந்து சந்தித்து, மீண்டும் சுற்றி வருகிறது.

பூமி முழுவதும் ஒரு மின் அதிர்வியாக இருக்கலாம் என்று ஐரிஷ் இயற்பியலாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1893இலேயே சொல்லியிருந்தார். முறையாகக் கணக்குப் போட்டவர் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வின்ஃபிரீட் ஓட்டோ ஷூமன், 1952இல். அந்தக் கணக்கின் எளிய வடிவத்தை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது, பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அப்படியானால் விநாடிக்கு ஏழரைச் சுற்று. கோள வடிவத்துக்காக அதை 2இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், 10.6 ஹெர்ட்ஸ் வருகிறது. அளந்து பார்த்தால் கிடைப்பதோ 7.8. இந்தப் பெரிய வித்தியாசத்துக்குக் காரணம் மேல்கூரை. அயனமண்டலம் பளபளப்பான உலோகத் தகடு இல்லை. 50 கிலோமீட்டரில் தொடங்கி 100 கிலோமீட்டர் வரை மெல்ல மெல்லக் கடத்துதிறன் கூடும் காற்று. அதில் அலை சற்றே புதைந்து புதைந்து போவதால் வேகம் ஒளிவேகத்தில் முக்கால் பங்காகக் குறைகிறது. இந்த முதல் ஒத்ததிர்வை அடுத்தவை 14, 20, 26 ஹெர்ட்ஸ் அருகே வருகின்றன; எல்லாவற்றுக்கும் ஷூமன் ஒத்ததிர்வுகள் என்று பெயர். இவற்றை ஐயத்துக்கு இடமின்றி அலைமாலையில் பிரித்துக் காட்டியவர்கள் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த பால்சரும் வாக்னரும். 1960இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

லிங்கன் ஆய்வகம் போன்ற இடத்துக்கு இதில் என்ன அக்கறை என்றால், நீர்மூழ்கிக் கப்பல்தான். அதிர்வெண் குறையக் குறைய அலை கடல்நீருக்குள் ஆழமாக இறங்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18 கிலோஹெர்ட்ஸ் அருகே செய்தி அனுப்புகிறது. அந்த அலை கடல்நீரில் இரண்டு மீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். 76 ஹெர்ட்ஸில் அதே தேய்மானத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஆகும். அந்த 76 ஹெர்ட்ஸில்தான் அமெரிக்கக் கடற்படை 1989 முதல் 2004 வரை விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளில் மைல் கணக்கில் கம்பி இழுத்துச் செய்தி அனுப்பியது. மின்னல் ஆய்வுக்குக் கிடைத்த கருவிகளும் கணித முறைகளும் பனிப்போர்க் காலத்தின் இந்தத் தேவையால் நிறையவே வளர்ந்தன.

இதே 7.83 என்ற எண்ணை ‘பூமியின் இதயத் துடிப்பு’ என்று சொல்லி, தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் மனம் அமைதியாகும் என்று பெட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அதிர்வெண் ஏறிக்கொண்டே போகிறது, மனித குலம் விழிப்படைகிறது என்று வாட்ஸாப்பில் வருடம் தவறாமல் சுற்றுகிறது. ஏறி இறங்குவது துடிப்பின் வலிமை. அதிர்வெண் நகர்வதெல்லாம் ஒரு ஹெர்ட்ஸின் பத்தில் சில பங்கு, அதுவும் சூரியனாலும் இடிமேகங்களின் இடமாற்றத்தாலும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கருவிக்கு வருவோம். பார்க்க ஏமாற்றமாக இருக்கும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். உள்ளே காந்தப்புலத்தை எளிதில் ஈர்க்கும் நிக்கல்-இரும்புக் கலவையாலான தண்டு. தண்டின் மேல் மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்று. ஒன்றை வடக்கு-தெற்காகவும் இன்னொன்றைக் கிழக்கு-மேற்காகவும் பள்ளம் தோண்டிப் புதைப்பார்கள். காந்தப்புலம் மாறும்போது சுருளில் மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் தோன்றும். அதைப் பெருக்கி, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை பதிவு செய்து, ஜி.பி.எஸ். கடிகாரத்தின் நேரத்தோடு சேமிப்பார்கள். செங்குத்து மின்புலத்தை அளக்கக் கம்பத்தின் மேல் ஓர் உலோக உருண்டை இருக்கும்.

அளக்க வேண்டிய அளவு ஒரு பைக்கோடெஸ்லாவை ஒட்டியது. நம் காலடியில் உள்ள பூமியின் நிலையான காந்தப்புலம் அதைப்போல 4 கோடி மடங்கு. இதன் பொருள் என்ன என்று கணக்குப் போட்டால் புதைப்பதன் காரணம் விளங்கும். ஒரு மீட்டர்த் தண்டின் முனை பூமியின் காந்தப்புலத்துக்குள் வெறும் 25 நானோமீட்டர் அசைந்தால் போதும், ஒரு பைக்கோடெஸ்லா அளவுக்குப் பொய்யான துடிப்பு எழும். தலைமுடியின் தடிமனில் ஈராயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய அசைவு அது. காற்றடித்தால் மரம் ஆடும், மரம் ஆடினால் வேர் ஆடும், வேர் ஆடினால் மண் ஆடும். அந்த ஆட்டம் 8 ஹெர்ட்ஸ் அருகே விழுந்தால் உலகத்து மின்னல் அத்தனையும் அதில் மூழ்கிப்போகும். ஆகவே மரமில்லாத இடம் வேண்டும். மின்கம்பி இல்லாத இடமும் வேண்டும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை வடிகட்டி ஒதுக்கலாம். ஆனால் ஒரு கிராமத்துக்கு அருகில் வைத்தால் பெருக்கியே நிறைந்து வழிந்துவிடும். ஐரோப்பாவில் இன்னொரு தொல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்கள் 16.7 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்தக் கோடு இரண்டாவது, மூன்றாவது ஒத்ததிர்வுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உருண்டை ஆன்டெனாவின் கதை இன்னும் மோசம்: மழைத்துளி, மூடுபனி, பறக்கும் தூசி எல்லாம் தங்கள் மின்னூட்டத்தை அதன்மேல் இறக்கிவிட்டுப் போகும். நூறு கிலோமீட்டருக்குள் இடிமழை வந்தால் அன்றைய பதிவு வீண். மின்னலை அளக்கும் கருவிக்குப் பக்கத்து மின்னல்தான் பெரிய எதிரி.

இப்படி இடம் தேடித்தான் ஹங்கேரியின் நாஜ்ட்சென்க், இஸ்ரேலின் பாலைவனத்தில் மிட்ஸ்பே ரமோன், ஜப்பானின் ஹொக்கைடோவில் மொஷிரி, போலந்தின் பியெஷ்சாடி மலைகள், அண்டார்க்டிகாவின் வெர்னாட்ஸ்கி என்று நிலையங்கள் அமைந்தன. இந்தியாவில் ஷில்லாங்கிலும் ஆக்ரா அருகிலும் இந்த அளவீடுகள் நடந்திருக்கின்றன.

பதிவில் தெரிவது இரண்டு வகை. ஒன்று, ஓயாத பின்னணி. உலகில் விநாடிக்கு நாற்பது, ஐம்பது மின்னல்கள்; ஒவ்வொன்றின் அலையும் பூமியைச் சுற்றிவர ஆறில் ஒரு பங்கு விநாடி ஆகும்; முதல் அலை அடங்குவதற்குள் அடுத்த பல மின்னல்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன. தனித்தனியாகப் பிரிக்க முடியாத இந்தக் கலவையைச் சில நிமிட நீளத்துக்கு எடுத்து அலைமாலை ஆக்கினால் 8, 14, 20 என்று மேடுகள் எழும்பும். மேடுகள் கூர்மையாக இருக்காது, பரந்து கிடக்கும். அறையின் கூரை ஆற்றலைக் கசியவிடுகிறது.

இன்னொன்று, அந்தப் பின்னணியைப் பிளந்துகொண்டு பத்து மடங்கு உயரத்துக்கு எழும் தனித் துடிப்பு. ஜப்பானிய ஆய்வாளர் ஒகாவாவும் குழுவும் 1960களில் இதற்குக் ‘கியூ வெடிப்பு’ என்று பெயரிட்டார்கள். எங்கோ ஒரு மாபெரும் மின்னல் பாய்ந்திருக்கிறது என்று பொருள். திரையில் முதலில் ஒரு கூர்முனை, பிறகு எதிர்த்திசையில் சுற்றிவந்த அலை, பிறகு முழுச் சுற்று முடித்த அலை என்று தேய்ந்துகொண்டே போகும் அலைவுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதை வைத்து ஒரே நிலையத்திலிருந்து மின்னலின் இடத்தைச் சொல்லிவிடலாம். இரு சுருள்களின் வீச்சு விகிதம் திசையைத் தருகிறது. மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் அதிர்வெண்ணோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பது தூரத்தைத் தருகிறது. பிழை சில நூறு கிலோமீட்டர் இருக்கலாம். கண்டம் சரியாக வந்துவிடும்.

இந்தத் தனித் துடிப்புகளுக்கு எதிர்பாராத மதிப்பு கூடியது 1989க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூலை மாதம் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் விங்க்லர் குழு குறைந்த வெளிச்சத்துக்கான கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்த இடிமேகத்துக்கு மேலே, வானத்தின் உயரத்தில், ஒரு கணம் மின்னி மறைந்த ஒளித்தூண்கள் படத்தில் சிக்கின. பின்னாளில் ‘ஸ்ப்ரைட்’ என்று பெயர் பெற்ற இவை 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் செந்நிறத்தில் தோன்றுபவை. 1995இல் ஆய்வாளர்கள் பொச்சிப்பியோவும் எர்ல் வில்லியம்ஸும் மற்றவர்களும் சேர்ந்து காட்டியது இது: கேமராவில் ஸ்ப்ரைட் தெரிந்த அதே மில்லிவிநாடிகளில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ரோட் ஐலண்டில் இருந்த நிலையத்தில் கியூ வெடிப்பு பதிவாகியிருந்தது; இரண்டுக்கும் மூலம் மேகத்திலிருந்து நேர் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கிய மின்னல்கள். இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1925இலேயே இதன் இயற்பியலை ஊகித்திருந்தார். பெரும் மின்னூட்டம் சட்டென்று மேகத்தை விட்டு நீங்கினால் மேலே அடர்த்தி குறைந்த காற்று முறிந்து ஒளிரும்.

எவ்வளவு மின்னூட்டம், எவ்வளவு உயரத்திலிருந்து என்பதே இங்கே கேள்வி. இவ்விரண்டின் பெருக்கற்பலனைக் கூலோம்-கிலோமீட்டர் என்ற அலகில் சொல்கிறார்கள். தரைக்கு வரும் சாதாரண மின்னலுக்கு இது சில பத்துகள். ஸ்ப்ரைட் தோன்ற ஏறக்குறைய 500க்கு மேல் வேண்டும். சிலது ஆயிரங்களைத் தொடும். இந்த அளவைத் தொலைவிலிருந்து நேராகத் தரும் முறை ஈ.எல்.எஃப். அளவீடுதான். சுருள் மின்னலை நிறுக்கிறது என்று நான் சொன்னதன் பொருள் இதுவே.

ஆனால் இந்தத் தராசு ஒரு வினோதமான தராசு. பின்னணியில் சேரும் மின்னல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பாய்கின்றன. ஆகவே அலைமாலையில் கூடுவது அவற்றின் எடை அல்ல, எடையின் வர்க்கம். 30 கூலோம்-கிலோமீட்டர் மின்னலோடு 1,000 கூலோம்-கிலோமீட்டர் மின்னலை ஒப்பிட்டால் விகிதம் 33. வர்க்கமாக்கினால் ஆயிரத்துக்கு மேல். தோராயமாகச் சொன்னால், ஒரு பெரிய மின்னல் ஆயிரம் சிறிய மின்னல்கள் சேர்ந்து செய்யும் வேலையைச் செய்துவிடும். இதனால்தான் பின்னணியைக் கணக்கிடும்போது கியூ வெடிப்புகள் விழுந்த பகுதிகளை வெட்டி ஒதுக்குவது வழக்கம். வெட்டிய பிறகும் அலகு கூலோம் வர்க்கம், கிலோமீட்டர் வர்க்கம், விநாடிக்கு என்றுதான் நிற்கும். ‘விநாடிக்கு இத்தனை மின்னல்’ என்று அது தானாக மாறாது.

எண்ணும் கட்சியின் கதையும் சுவையானது. 1925இல் பிரிட்டிஷ் பருவநிலையாளர் புரூக்ஸ், வானிலை நிலையங்களில் இடி கேட்ட நாட்களைத் தொகுத்து உலகில் விநாடிக்கு 100 மின்னல் என்றார். எழுபது ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. 1995இல் ஏவப்பட்ட ஒளியுணர் துணைக்கோள் ஐந்து ஆண்டுகள் சுற்றி எண்ணியபோது வந்தது 44, அதில் 5 கூடலாம் குறையலாம். நிலத்தில் பாய்வது கடலைவிடப் பத்து மடங்கு என்பதும் அதில் உறுதியானது. எடைக்கு வந்தால் கடல் இவ்வளவு இளப்பமில்லை. ஆற்றல் மிக்க ‘சூப்பர்போல்ட்’ மின்னல்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும், அதாவது எண்ணிக்கை மிகக் குறைவான இடத்தில், மிகக் குறைவான பருவத்தில், குவிகின்றன.

அளக்கும் முறையைப் பொறுத்து விடை எப்படிப் பிரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும். உலக மின்னல் ஒரு நாளில் மூன்று முறை எழும். தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் பிற்பகலாகும்போது ஒன்று, ஆப்பிரிக்காவில் பிற்பகலாகும்போது ஒன்று, அமெரிக்கக் கண்டத்தில் ஒன்று. நம் கடிகாரத்தில் சொன்னால் பகல் ஒன்றரை, இரவு ஏழரை, நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை. ஈ.எல்.எஃப். பதிவுகளில் இந்த மூன்று எழுச்சிகளும் தெரியும். துணைக்கோள் எண்ணிக்கையைப் போலவே அதிலும் ஆப்பிரிக்காவின் கைதான் ஓங்கியிருக்கும். ஆனால் 1910களிலும் 20களிலும் ‘கார்னெகி’ என்ற ஆய்வுக் கப்பல் கடல் கடலாகச் சுற்றி அளந்த மற்றொரு அளவு உண்டு. காந்த ஆய்வுக்காகக் கட்டிய அந்தக் கப்பல் நல்ல வானிலையில் காற்றிலிருக்கும் செங்குத்து மின்புலத்தையும் பதிந்தது. பூமியின் எந்தப் பெருங்கடலில் நின்றாலும் அது கிரீனிச் நேரப்படி ஒரே மாதிரி ஏறி இறங்கியது. உச்சம் மாலை 7 மணி, அதாவது அமெரிக்கக் கண்டத்து இடிமேகங்கள் எழும் நேரம். உலக இடிமேகங்கள் சேர்ந்து அயனமண்டலத்தை மின்னேற்றுகின்றன என்ற வில்சனின் கருத்துக்கு இது பலம் சேர்த்தது. ஆனால் அதிக மின்னல் ஆப்பிரிக்காவில் என்றால் உச்சம் ஏன் அமெரிக்காவில்?

வில்லியம்ஸும் ஹங்கேரியின் காப்ரியெல்லா ஷாதோரியும் 2004இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். காங்கோப் படுகையில் காற்று ஒப்பீட்டில் வறண்டது, மேக அடித்தளம் உயரம், மேலெழும் ஓட்டம் வலிமை. மழை குறைவு, மின்னல் அதிகம். அமேசானில் ஈரம் மிகுதி. மின்னூட்டம் பெற்றும் வெட்டாமல் பெய்துவிட்டுப் போகும் மழைமேகங்கள் ஏராளம். அந்த மேகங்கள் மின்னல் இல்லாமலேயே மெல்லிய நேர்மின்னோட்டத்தை மேலே அனுப்புகின்றன. கார்னெகி அளந்தது அந்த நேர்மின்னோட்டத்தின் சுற்று. ஷூமன் ஒத்ததிர்வு அளப்பது மின்னலின் மாறுமின்னோட்டச் சுற்று. ஒரே இடிமேகத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம். இரண்டும் தனித்தனியே சரி. இந்த விளக்கம் எனக்கு நிறைவு தருவதற்குக் காரணம், அது எந்த அளவீட்டையும் பொய்யாக்கவில்லை.

1992இல் ‘சயின்ஸ்’ இதழில் வில்லியம்ஸ் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையைப் பருவநிலை ஆய்வின் நடுக்கூடத்துக்கு இழுத்து வந்தது. சார்ல்ஸ் போக் 1960களின் பிற்பாதியிலும் 70களின் தொடக்கத்திலும் ரோட் ஐலண்டின் கிங்ஸ்டனில் பதிந்த பழைய ஷூமன் அளவீடுகளை எடுத்து, வெப்பமண்டலத்தின் மாத வெப்பநிலை விலகல்களோடு பொருத்திப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. வெப்பநிலை ஒரு டிகிரியில் சிறு பங்கு மாறினாலும் மின்னல் அதைவிடப் பன்மடங்கு மாறுகிறது. ஆகவே இதை உலக வெப்பமண்டல வெப்பமானியாகக் கொள்ளலாம் என்றார். எண்ணம் அருமையானது. ஆயிரக்கணக்கான வெப்பமானிகள் செய்வதைப் புதைத்து வைத்த இரு சுருள்கள் செய்யும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இருந்தாலும் ‘வெப்பமானி’ என்ற பெயர் கொஞ்சம் அவசரப்பட்டு வைத்த பெயர் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் சுருளுக்கு வரும் துடிப்பு மின்னலால் மட்டும் தீர்மானமாவதில்லை. மூலத்துக்கும் நிலையத்துக்கும் உள்ள தூரம் மாறினாலே வீச்சு மாறும். முதல் ஒத்ததிர்வின் மின்புலம் மூலத்திலிருந்து 10,000 கிலோமீட்டரில் ஏறக்குறைய சுழியாகிவிடும். காந்தப்புலம் அங்கேதான் உச்சம். கோடையில் இடிமேகங்கள் வடக்கே நகரும்போது ஹங்கேரி நிலையத்தில் ஏற்படும் மாற்றத்தில் எவ்வளவு மின்னல் கூடியதால், எவ்வளவு மின்னல் இடம் மாறியதால்? ஷாதோரி இந்தத் தொல்லையையே கருவியாக்கிக்கொண்டார். ஒத்ததிர்வின் அதிர்வெண்ணில் நிகழும் நுண்ணிய நகர்வைத் தொடர்ந்து, எல் நினோ ஆண்டுகளில் உலக மின்னல் வடக்கு-தெற்காக இடம்பெயர்வதைக் காட்டினார். அடுத்து, கூரையும் நிலையானதில்லை. பகலில் தாழ்ந்தும் இரவில் உயர்ந்தும் இருக்கும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் எக்ஸ் கதிர் கூடும்போது அதிர்வெண் சற்று ஏறும்; புரோட்டான் மழை பொழிந்தால் இறங்கும். 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக்குக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தபோதும் ஒத்ததிர்வு நகர்ந்தது பதிவாகியிருக்கிறது.

வெப்பம் கூடினால் மின்னல் கூடுமா என்ற கேள்விக்கே ஒரே விடை இல்லை. 2014இல் ராம்ப்ஸும் குழுவும் அமெரிக்க நிலப்பகுதிக்கு டிகிரிக்கு 12 சதவீதம் கூடும் என்று கணித்தார்கள். 2018இல் ஃபின்னியும் குழுவும் மேகத்துக்குள் பனித்துகள்கள் மேலேறும் அளவை வைத்துக் கணித்தபோது இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உலக மின்னல் 15 சதவீதம் குறையும் என்று வந்தது. வெப்பம் தவிர தூசுக்கும் பங்கு உண்டு. இலங்கைக்குத் தெற்கே வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதையின் மேல், இரு பக்கத்துக் கடலைவிட இரண்டு மடங்கு மின்னல் பாய்வதை 2017இல் கண்டுபிடித்தார்கள். காரணம் கப்பல் புகை. 2020இல் எரிபொருளின் கந்தக அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் கட்டுப்படுத்திய பிறகு அந்தக் கூடுதல் மின்னல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வரைபடத்தில் கோடு கிழித்ததுபோல் தெரியும் இந்த அழகான நிகழ்வை ஈ.எல்.எஃப். சுருளால் பார்க்கவே முடியாது. கண்டங்களையே தட்டுத்தடுமாறிப் பிரிக்கும் கருவிக்குக் கப்பல் பாதை எங்கே தெரியப்போகிறது?

ஆகவே ஒரு நிலையத்தை நம்புவதை விட்டு, பல நிலையங்களின் அலைமாலைகளை ஒன்றாக வைத்து, எந்தக் கண்டத்தில் எவ்வளவு எடை இருந்தால் இத்தனை பதிவுகளும் ஒருசேரப் பொருந்தும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறைக்கு ஆய்வாளர்கள் நகர்ந்திருக்கிறார்கள். இதில் ஹங்கேரியக் குழுவின் உழைப்பு பெரிது. போஸோகியும் மற்றவர்களும் 2023இல் நாளுக்கு நாள் உலக மின்னல் எப்படி மாறுகிறது என்பதை இந்த முறையில் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வில்லியம்ஸ் குழு பல நிலையப் பதிவுகளை ஒப்பிட்டு, 1997-98, 2015-16 என்ற இரு மாபெரும் எல் நினோக்களுக்குச் சில மாதங்கள் முன்பே, கடல் குளிர்ந்த நிலையிலிருந்து சூடான நிலைக்கு மாறும் கட்டத்திலேயே, ஷூமன் வலிமை ஏறத் தொடங்கியது என்று சொன்னது. பருவமழையை எல் நினோ எப்படிக் கெடுக்கும் என்று ஆண்டுதோறும் கவலைப்படும் நாட்டுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் கையில் இருப்பது இரண்டே நிகழ்வுகள். இதை முன்னறிவிப்பு என்று இப்போதே கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் பாலம் போட வேண்டுமென்றால், ஒவ்வொரு கண்டத்து மின்னலும் சராசரியாக எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டும். ஒரே இடிமேகக் கூட்டத்தைத் துணைக்கோள் இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் சுருள் நிறுக்க வேண்டும். பூமியைச் சுற்றிப் பறக்கும் துணைக்கோள் ஓரிடத்தைச் சில நிமிடங்களே பார்க்கும். நிலைத்து நின்று பார்ப்பது வேண்டும். 2016இல் ஏவப்பட்ட கோஸ்-16 துணைக்கோளின் மின்னல் கேமரா தொடங்கிவைத்த வேலையை அதன் வாரிசுகள் தொடர்ந்து, அமெரிக்கக் கண்டங்களை இரவும் பகலும் பார்க்கின்றன. 2022 டிசம்பரில் மேலே போன ஐரோப்பிய மீட்டியோசாட், ஆப்பிரிக்காவைப் பார்க்கிறது. மூன்று எழுச்சிகளில் இரண்டுக்கு இப்போது எண்ணிக்கையும் எடையும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. நம் பகல் ஒன்றரை மணிக்கு எழும் மூன்றாவது, வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள தீவுக் கூட்டத்தின் எழுச்சி, இந்த இரு கேமராக்களின் பார்வைக்கும் வெளியே இருக்கிறது.